அண்மைப் படப்பிடிப்பு: பிலிம் கமராவுக்குப் பிளாஷும் துணைக்கருவிகளும் தெரிவுசெய்தல்



ஒளிப்படக்கலை சார்ந்த வினாவொன்றில் அண்மைப் படப்பிடிப்பு என்ற சொல்லைக் கண்டவுடன் நீங்கள் வில்லையைப் பற்றி ஒரு பக்கம் எழுதிவிடுகிறீர்கள். நீட்சிக் குழாய், குளோசப் வில்லை, உருப்பெருக்கம் எல்லாம் வந்துவிடும். ஒளி எங்கிருந்து வரும் என்பதை மட்டும் பலர் எழுதுவதில்லை. எழுதுபவரும் “சக்தி வாய்ந்த பிளாஷ் தேவை” என்று ஒரு வரியில் முடித்துவிடுவார். அந்த ஒரு வரி பிழையானது. அண்மைப் படப்பிடிப்பில் சிறிய பிளாஷே போதும். அது எவ்வளவு பெரியது என்பதை விட எங்கே நிற்கிறது என்பதே முக்கியம். இப்பாடம் முழுவதும் அதற்கான காரணங்களையே பார்க்கப்போகிறோம்.

“கைத்தொலைபேசியிலேயே பூவின் மகரந்தம் வரை எடுக்கலாமே, பிலிம் ஏன்?” என்று வகுப்பில் ஒருவராவது கேட்பதுண்டு. நியாயமான கேள்விதான். பிலிம் கமராவில் எடுத்த படத்தை உடனே பார்க்கத் திரை இல்லை. ஒரு றோலில் 36 படங்கள். பிலிம் இன்று விலை கூடிய பொருள், கழுவுவதற்கும் பணம் வேண்டும். ஆகவே பொத்தானை அழுத்துமுன் கணக்குப் பார்க்கவேண்டியிருக்கிறது. அந்தக் கணக்கைப் பழகியவருக்கு டிஜிற்றல் கமராவின் பிளாஷும் புதிராக இராது, ஏனெனில் ஒளியின் விதிகள் மாறுவதில்லை.

1. எவ்வளவு அண்மை?

35 மி.மீ. பிலிமில் ஒரு படத்தின் அளவு 24 மி.மீ. × 36 மி.மீ. ஆகும். 36 மி.மீ. நீளமான பொருள் பிலிமின் முழு அகலத்தையும் நிரப்பினால் உருப்பெருக்கம் 1:1. 72 மி.மீ. நீளமான பொருள் அதே அகலத்தை நிரப்பினால் 1:2, அதாவது 0.5. இதை அறிய விலையுயர்ந்த கருவி எதுவும் வேண்டாம். பொருள் இருக்கும் இடத்தில் உங்கள் அடிமட்டத்தை வைத்துக் கமராவின் காண்சாளரத்தினூடாகப் பாருங்கள். எத்தனை மில்லிமீற்றர் தெரிகிறதோ, அந்த எண்ணால் 36 ஐ வகுத்தால் உருப்பெருக்கம் கிடைக்கும். பல கமராக்களின் காண்சாளரம் பிலிமில் விழுவதை விடச் சற்றுக் குறைவாகவே காட்டும். நமது தேவைக்கு அது பெரிய வழுவல்ல.

50 மி.மீ. வில்லைக்கும் கமராவுக்கும் இடையில் 25 மி.மீ. நீட்சிக் குழாய் ஒன்றைப் பொருத்தி, வில்லையை முடிவிலியில் வைத்தால் உருப்பெருக்கம் 25/50, அதாவது 0.5. குழாய் 50 மி.மீ. ஆயின் 1:1. அப்போது பொருள் வில்லையிலிருந்து இரு மடங்கு குவியத்தூரத்தில், அதாவது 10 சென்ரிமீற்றரில் இருக்கும். குவிவு வில்லையின் கதிர்ப்படத்தில் நீங்கள் ஏற்கெனவே வரைந்த நிலைதான் இது. வில்லைக்கும் பூவுக்கும் இடையில் ஒரு சாண்கூட இல்லை என்பதை மனத்தில் வைத்துக்கொள்ளுங்கள். இனி வரும் சிக்கல்கள் பல இந்தச் சிறிய இடைவெளியால் வருபவை.

2. பிளாஷ் ஏன் தேவைப்படுகிறது?

மிக அண்மையில் புல ஆழம், அதாவது கூர்மையாகத் தெரியும் முன்பின் தூரம், மிகவும் குறைந்துவிடும். துவாரம் எப் 16 இல் இருந்தாலும் 1:2 இல் ஏறத்தாழ 6 மி.மீ., 1:1 இல் ஏறத்தாழ 2 மி.மீ. மட்டுமே கூர்மையாக இருக்கும். எறும்பின் கண்ணைக் குவித்தால் பின்னங்கால் மங்கும். எனவே துவாரத்தைச் சிறிதாக்கியே ஆகவேண்டும்.

ஆனால் சிறிய துவாரம் ஒளியைக் குறைக்கிறது. நீட்சிக் குழாயும் ஒளியைக் குறைக்கிறது. பிலிமிலிருந்து வில்லை தூரம் போகப் போக, அதே ஒளி பெரிய பரப்பில் பரவுவதே காரணம். வில்லையில் எழுதப்பட்ட எப் எண்ணை (1 + உருப்பெருக்கம்) ஆல் பெருக்கினால் உண்மையில் தொழிற்படும் எப் எண் வரும். 1:1 இல் எப் 16 என்பது எப் 32 போலத் தொழிற்படும். இது இரண்டு படி இழப்பாகும். ஒரு படி என்பது ஒளி அரைவாசியாதல் அல்லது இருமடங்காதல். எனவே இரண்டு படி இழந்தால் எஞ்சுவது கால்வாசி.

இதைக் கணக்காகப் பாருங்கள். நல்ல வெயிலில், ஐ.எஸ்.ஓ. 100 பிலிமுக்கு, எப் 16 இல் 1/125 செக்கன் ஏறத்தாழச் சரியாக இருக்கும். 1:1 க்குச் சென்றால் அது 1/30 செக்கனாகிவிடுகிறது. கையில் பிடித்த கமராவின் சிறு நடுக்கமும், காற்றில் ஆடும் செவ்வரத்தம் பூவின் அசைவும் அதே அளவுக்குப் பெருப்பிக்கப்படுகின்றன. 1/30 செக்கனில் படம் கலங்கும். வெயிலிலேயே இப்படியென்றால் மரநிழலில் என்னவாகும்?

பிளாஷ் இந்த முடிச்சை அவிழ்க்கிறது. அதன் வெளிச்சம் முழு வலுவில்கூட ஏறத்தாழ 1/1000 செக்கன் அளவில் முடிந்துவிடும். வலுவைக் குறைத்தால் அதைவிடவும் குறுகும். படத்தை உருவாக்குவது அந்தக் கணநேர ஒளியே ஆதலால் அசைவு உறைந்துவிடுகிறது. இலத்திரனியல் பிளாஷை 1930 களில் வளர்த்தெடுத்த அமெரிக்கப் பேராசிரியர் ஹறோல்ட் எட்ஜெர்ட்டன் பாற்றுளி விழுந்து கிரீடம்போல் தெறிப்பதைப் படமாக்கியது இந்தப் பண்பினாலேயே.

3. கமராவின் தலையில் பிளாஷ் வைத்தால்?

கமராவின் மேற்பகுதியில் பிளாஷைச் செருகும் தடத்தை ஹொட் ஷூ என்பர். பிறந்தநாள் வீட்டுக்கு அது வசதியான இடம். அண்மைப் படப்பிடிப்புக்கு அது மிக மோசமான இடம். பிளாஷ் வில்லையை விட உயரத்தில் நின்று நேராக முன்னோக்கிப் பார்க்கிறது. பொருளோ வில்லையின் மூக்கடியில் இருக்கிறது. ஒளியின் பெரும்பகுதி பூவுக்கு மேலால் பறந்துவிடும். மிஞ்சியதையும் நீண்டிருக்கும் வில்லைக் குழல் மறைத்து, படத்தின் கீழ்ப்பாதியில் அரைவட்ட நிழலாக விழுத்தும்.

பிளாஷில் “தானியங்கி” நிலை இருந்தாலும் பயனில்லை. அந்த உணரி பிளாஷின் முகத்தில் இருக்கிறது, வில்லை பார்ப்பதை அது பார்ப்பதில்லை. தூரத்துச் சுவரை அளந்துவிட்டு, அருகிலுள்ள பூச்சியை வெளிறச் செய்துவிடும். நீட்சிக் குழாயால் இழந்த ஒளியும் அதற்குத் தெரியாது.

ஆகவே முதல் விதி: பிளாஷைக் கமராவின் தலையிலிருந்து இறக்குங்கள். வில்லையின் முன்விளிம்புக்கு அருகே, சற்று மேலேயும் பக்கமாகவும், பொருளை நோக்கிச் சரித்து வையுங்கள். இலை நரம்பும் பூச்சியின் மயிரும் பக்க ஒளியில்தான் எழும்பித் தெரியும்.

4. வழிகாட்டு எண்

பிளாஷின் வலுவை வழிகாட்டு எண்ணால் குறிப்பர்.

வழிகாட்டு எண் = பிளாஷிலிருந்து பொருளுக்குள்ள தூரம் × எப் எண்

இங்கே தூரம் பிளாஷிலிருந்து அளக்கப்படுகிறது, கமராவிலிருந்து அல்ல. புள்ளிகளை இழக்கும் முதலாவது இடம் இதுவே. இரண்டாவது இடம் அலகு. எண் மீற்றரிலா அடியிலா தரப்பட்டுள்ளது, எந்த ஐ.எஸ்.ஓ. வுக்கு என்று பாருங்கள். அடியில் 40 என்பது மீற்றரில் ஏறத்தாழ 12 தான். பழைய பிளாஷ் விற்பவர் 40 என்று சொன்னால் மயங்கவேண்டாம்.

அண்மைப் படப்பிடிப்பில் நீட்சியால் வரும் இழப்பையும் சேர்த்தால்:

வில்லையில் வைக்கவேண்டிய எப் எண் = வழிகாட்டு எண் ÷ [தூரம் × (1 + உருப்பெருக்கம்)]

உதாரணம்: வழிகாட்டு எண் 12 (மீற்றர், ஐ.எஸ்.ஓ. 100) உள்ள சிறிய பிளாஷ் ஒன்று. பிலிம் ஐ.எஸ்.ஓ. 100. உருப்பெருக்கம் 0.5. பிளாஷைக் கையில் பிடித்துப் பூவிலிருந்து 0.5 மீற்றரில் வைக்கிறோம்.

12 ÷ (0.5 × 1.5) = 16

எப் 16. நமக்கு வேண்டியது அதுவே. இப்போது அதே பிளாஷை வில்லையின் அருகே, பூவிலிருந்து 0.25 மீற்றருக்குக் கொண்டுவாருங்கள்.

12 ÷ (0.25 × 1.5) = 32

50 மி.மீ. வில்லைகள் பெரும்பாலும் எப் 16 அல்லது எப் 22 உடன் நின்றுவிடும். இந்தச் சிறிய பிளாஷே இப்போது அளவுக்கு மிஞ்சிவிட்டது! இரண்டு படி ஒளியைக் குறைத்தால்தான் எப் 16 இல் எடுக்கலாம். வழிகாட்டு எண் 40 உள்ள பெரிய பிளாஷுக்குப் பணம் கொடுத்தவர், அந்த வலுவின் பெரும்பகுதியைக் கைக்குட்டையால் மூடவேண்டிவரும். தொடக்கத்தில் சிறிய பிளாஷே போதும் என்றதன் காரணம் இதுதான்.

தூரம் அரைவாசியாக ஒளி நான்கு மடங்காவதைக் கவனித்திருப்பீர்கள். இது நேர்மாறு வர்க்க விதியாகும். இதே விதிதான் அண்மைப் படங்களின் பின்புலத்தை இரவுபோல் கறுப்பாக்குகிறது. பிளாஷிலிருந்து பூ 0.25 மீற்றரிலும், பின்னாலுள்ள வேலி 1.25 மீற்றரிலும் இருந்தால் வேலி 5 மடங்கு தூரம், எனவே அதற்குக் கிடைப்பது 1/25 பங்கு ஒளி. பட்டப்பகலில் எடுத்த படம் நள்ளிரவுபோல் இருக்கும். பூவுக்குப் பின்னால் ஒரு சாண் தள்ளிப் பச்சை இலையொன்றையோ மங்கலான நிற அட்டையையோ பிடித்தால் இது தீரும்.

ஒரு கவனம்: குளோசப் வில்லையை, அதாவது வில்லையின் முன்னால் திருகும் கண்ணாடியைப் பயன்படுத்தி, வில்லையை முடிவிலியில் வைத்திருந்தால் மேற்கூறிய நீட்சி இழப்பு இல்லை. (1 + உருப்பெருக்கம்) ஆல் வகுக்கவேண்டாம். +2 டயொப்டர் கண்ணாடி 50 சென்ரிமீற்றரிலும், +4 கண்ணாடி 25 சென்ரிமீற்றரிலும் குவியும்.

5. மூன்று வகைகளில் எது?

சாதாரண சிறிய பிளாஷ், வளையப் பிளாஷ், இரட்டைப் பிளாஷ் ஆகியவை மூன்று தெரிவுகள்.

வளையப் பிளாஷ் வில்லையின் முகத்தைச் சுற்றி அணியப்படுவது. 1952 இல் லெஸ்ரர் டைன் என்பவர் பல் மருத்துவப் படப்பிடிப்புக்காக இதை உருவாக்கினார். நிக்கொன் நிறுவனம் 1962 இல் வெளியிட்ட மெடிக்கல் நிக்கொர் 200 மி.மீ. வில்லையில் வளையப் பிளாஷ் உள்ளேயே கட்டப்பட்டிருந்தது. பிறப்பிலேயே இதன் குணம் தெரிகிறது. வாய்க்குள், காயத்துக்குள், பூவின் ஆழ்ந்த குழலுக்குள் நிழலில்லாமல் ஒளி சேர்க்க இதற்கு நிகரில்லை. நிழலில்லாத இடத்தில் மேடுபள்ளமும் தெரியாது. மரப்பட்டை தட்டையாகிவிடும். வண்டின் மினுங்கும் முதுகில் ஒளி வளையமாகவே தெறிக்கும். “அண்மைப் படப்பிடிப்புக்குச் சிறந்தது வளையப் பிளாஷ்” என்று எழுதுவது அரைவாசி விடை. எந்தப் பொருளுக்கு என்றும் எழுதவேண்டும்.

இரட்டைப் பிளாஷில் இரு சிறு தலைகள் வில்லையின் இருபக்கமும் நிற்கும். ஒன்றை வலுவாகவும் மற்றதை நலிவாகவும் வைத்து நிழலை மெலிதாக்கலாம். நல்ல கருவி, ஆனால் விலை கூடியது. மாணவருக்கு நான் சொல்வது முதலாவதையே: ஒரு சிறிய பிளாஷ், எதிர்ப்பக்கத்தில் ஒரு வெள்ளை அட்டை. அட்டை தெறிக்கும் ஒளி இரண்டாவது தலையின் வேலையில் பெரும்பகுதியைச் செலவில்லாமல் செய்துவிடும்.

வலுவை மாற்றும் வசதியுள்ள பிளாஷ் கிடைத்தால் அதையே தெரிவுசெய்யுங்கள். வலுவை 1/4 ஆக்கினால் வழிகாட்டு எண் அரைவாசியாகும். எண் 24 உள்ளது 1/4 வலுவில் எண் 12 போல் தொழிற்படும். வெளிச்ச நேரம் குறுகும், அடுத்த படத்துக்கும் விரைவில் தயாராகும்.

ரி.ரி.எல். என்பது வில்லையினூடாக வந்த ஒளியை அளக்கும் முறை. 1975 இல் வந்த ஒலிம்பஸ் ஓ.எம். 2 கமரா, படம் பதியும் கணத்திலேயே பிலிமில் பட்டுத் தெறிக்கும் ஒளியை அளந்து, போதியது கிடைத்ததும் அதற்குரிய பிளாஷை அணைத்தது. நீட்சிக் குழாயின் இழப்பு அந்த அளவிலேயே அடங்கிவிடுவதால் மேலே செய்த கணக்கே தேவையில்லை. உங்கள் கமராவும் பிளாஷும் இதற்கு ஒத்துப்போகுமானால் தயங்காமல் பயன்படுத்துங்கள். ஆனாலும் மல்லிகைபோல் வெண்மை சட்டத்தை நிரப்பினால் அது சாம்பலாகப் பதியும். ஏறத்தாழ ஒரு படி கூட்டவேண்டும்.

6. துணைக்கருவிகள்

பிளாஷை இறக்கியபின் அதைக் கமராவுடன் இணைக்க வடம் வேண்டும். பழைய கமராக்களில் பி.சி. என்னும் சிறிய வட்டத் துளை இருக்கும். இல்லாவிடின் ஹொட் ஷூவில் பொருத்தும் நீட்டிப்பு வடம். பிளாஷைத் தாங்க ‘ட’ வடிவப் பிரக்கெற் ஒன்று. கடைப் பிரக்கெற்றுக்குப் பதில் அலுமினியப் பட்டையை வளைத்துத் துளையிட்டும் செய்யலாம். கமராவின் அடியில் உள்ளது கால் அங்குலத் திருகாணிக்கான துளையாகும்.

பரவலாக்கியைப் பற்றிச் சற்று விரிவாகச் சொல்லவேண்டும். ஒளி மென்மையாவது விளக்கின் உண்மையான பருமனால் அல்ல, பொருளிலிருந்து பார்க்கும்போது அது எவ்வளவு பெரிதாகத் தெரிகிறது என்பதால். சூரியன் மிகப் பெரியது, ஆனால் வெகு தொலைவில் இருப்பதால் அதன் நிழல் கூர்மையானது. தீப்பெட்டியளவு பிளாஷ் முகம் ஒரு முசுறுக்கு 15 சென்ரிமீற்றரில் நிற்கும்போது, அதற்கு அது ஒரு யன்னல் அளவு. அதன்மேல் உள்ளங்கையளவு திரேசிங் தாள் அல்லது வெள்ளைக் கைக்குட்டையைச் சற்று முன்தள்ளிக் கட்டினால் இன்னும் மென்மையாகும். ஒரு மடிப்பு ஏறத்தாழ ஒரு படி ஒளியைத் தின்னும். துணிக்குத் துணி இது மாறும் என்பதால் சோதித்தே அறியவேண்டும்.

சோதிப்பதற்கு ஒரு றோலின் சில படங்களை ஒதுக்குங்கள். ஒரே பொருள், ஒரே தூரம். துவாரத்தை மட்டும் எப் 8, 11, 16, 22 என்று மாற்றி எடுத்துக் கொப்பியில் எழுதிக்கொள்ளுங்கள். மிக அண்மையில் வழிகாட்டு எண் சூத்திரம் சற்று விலகுவதாலும் இச்சோதனை அவசியம். முடிவை அச்சுப் படத்தில் பார்க்காதீர்கள். ஸ்ரூடியோவின் அச்சு இயந்திரம் கூடிய ஒளியையும் குறைந்த ஒளியையும் தானே திருத்தி எல்லாவற்றையும் ஒன்றுபோல் தந்துவிடும். நெகற்றிவை வெளிச்சத்தில் பிடித்து ஒப்பிடுங்கள். நல்லதாக வந்த நிலையைப் பிளாஷின் முதுகில் ஒட்டிவிட்டால், அடுத்த முறை பூச்சி பறக்குமுன் எடுக்கலாம்.

ஷட்டர் வேகத்தையும் மறக்கவேண்டாம். 1976 முதல் 1997 வரை தயாரிக்கப்பட்ட பென்ரக்ஸ் கே 1000 போன்ற கமராக்களில் பிளாஷுக்கு 1/60 செக்கனே உச்ச வேகம். 1/250 இல் வைத்தால் பிளாஷ் மின்னும்போது இரண்டாவது திரை பிலிமின் ஒரு பகுதியை ஏற்கெனவே மூடியிருக்கும். படத்தின் ஒரு பகுதி இருண்டிருக்கும்.

7. பழைய பிளாஷ் வாங்கும்போது

வெளிநாட்டிலிருந்து மாமா கொண்டுவந்து அலுமாரியில் கிடக்கும் பிளாஷ் பலருக்குக் கிடைக்கும். முதலில் பற்றரி அறையைத் திறந்து பாருங்கள். வெள்ளை அல்லது பச்சைப் படிவு இருந்தால் பற்றரி கசிந்திருக்கிறது. பற்றரி போட்டபின் தயார் விளக்கு எரிய எவ்வளவு நேரம் எடுக்கிறது என்று பாருங்கள். அவ்விளக்கு முழுவதும் நிரம்புமுன்னரே எரிவதுண்டு. ஆதலால் எரிந்தபின்னும் சில செக்கன் பொறுத்தே படமெடுக்கவேண்டும்.

பாதுகாப்புப் பற்றி இரண்டு விடயங்கள் உள. பிளாஷினுள் உள்ள கொள்ளளவி ஏறத்தாழ 300 வோல்ற் ஏற்றத்தைச் சுமக்கிறது, பற்றரியைக் கழற்றிய பின்னும் அது தங்கியிருக்கும். உறையைத் திருகி உள்ளே பார்க்கும் ஆசை உயிருக்கு ஆபத்தானது. மற்றது, சில பழைய பிளாஷ்களின் தொடுகையில் 200 வோல்ற்றுக்கு மேல் இருக்கும். பொறிமுறைக் கமரா அதைத் தாங்கும். இலத்திரனியல் கமராவும் டிஜிற்றல் கமராவும் அந்த ஒரு மின்னலிலேயே பழுதாகலாம். அண்ணனின் டிஜிற்றல் கமராவில் செருகிப் பார்க்குமுன் வோல்ற்றுமானி தெரிந்த ஒருவரிடம் அளக்கக் கொடுங்கள்.

மாதிரி வினா

வழிகாட்டு எண் 16 (மீற்றர், ஐ.எஸ்.ஓ. 100) உள்ள பிளாஷ் ஒன்று, 50 மி.மீ. வில்லை, 50 மி.மீ. நீட்சிக் குழாய் என்பன தரப்பட்டுள்ளன. வில்லை முடிவிலியில் உள்ளது. பிளாஷ் பொருளிலிருந்து 0.5 மீற்றரில் உள்ளது.
(அ) ஐ.எஸ்.ஓ. 100 பிலிமுக்கு வில்லையில் வைக்கவேண்டிய எப் எண் யாது?
(ஆ) ஐ.எஸ்.ஓ. 400 பிலிம் மட்டுமே கையில் இருப்பின், அதே எப் எண்ணில் எடுக்க என்ன செய்வீர்?
(இ) பொருள் உலோகப் பளபளப்புள்ள வண்டு எனின் வளையப் பிளாஷைத் தவிர்ப்பது ஏன்?

விடை

(அ) உருப்பெருக்கம் 50/50 = 1. எனவே 16 ÷ (0.5 × 2) = 16. எப் 16.
(ஆ) ஐ.எஸ்.ஓ. நான்கு மடங்காகும்போது வழிகாட்டு எண் இருமடங்காகி 32 ஆகும், கணக்குப்படி எப் 32 தேவைப்படும். பிளாஷின் வலுவை 1/4 ஆகக் குறைத்தால் எண் மீண்டும் 16 ஆகி எப் 16 இலேயே எடுக்கலாம். வலுவை மாற்ற முடியாத பிளாஷாயின் தூரத்தை 1 மீற்றராக்கலாம், ஆனால் ஒளி கடுமையாகும். எனவே இரு படி குறையும்வரை பரவலாக்கி இடுவது அதைவிட நன்று.
(இ) வளைய வடிவத் தெறிப்பு வண்டின் முதுகில் பதியும், நிழலின்மையால் உடலின் வளைவும் தெரியாது. பக்கமாக வைத்த சிறிய பிளாஷும் பரவலாக்கியும் எதிர்ப்பக்க வெள்ளை அட்டையும் பொருத்தமானவை.